அறிவித்தல் அண்ணையும் மேல்வீட்டுக்காரரும்

ஒரு அறிவித்தல் எழுதி ஒட்டாமல் தும்மக்கூடத் தெரியாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர் உண்டென்றால், அவர் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நான் பதினொரு வருடம் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் ஹவுஸ்மைஸ்டர்தான். ஹவுஸ்மைஸ்டர் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். குழாய் ஒழுகினாலும் பல்பு போனாலும் வாசலில் பனி உறைந்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை அரசாங்கக் கடிதங்களைத் தவிர வேறு யாரும் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே இருந்த நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர் அறிவித்தல் அண்ணை.

"லிஃப்ட் பழுது" என்று எல்லா ஊரிலும் ஒட்டுவார்கள். "லிஃப்ட் இன்று வேலை செய்கிறது" என்று ஒட்டியவர் இவர் ஒருவர்தான். மேலே ஜெர்மனில் பெரிய எழுத்து, அதற்குக் கீழே தமிழ், அதற்கும் கீழே இரண்டாம் மாடித் துருக்கிக் குடும்பத்திடம் கேட்டு எழுதிய துருக்கி மொழி. எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் உறை. ஒருமுறை வாசலில் இப்படி ஒன்று தொங்கியது: "நாளை காலை பத்து மணி தொடக்கம் பதினொரு மணி வரை என் மனைவி மீன் பொரிப்பார். யன்னல்களைப் பூட்டி வைக்கவும்." அவருடைய மனைவி ராணி அக்கா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அதற்கும் ஒரு அறிவித்தல் வரும் என்று நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம்.

இன்னொருமுறை படியில் ஒரு நீலக் கையுறை கிடந்தது. இடது கை. வேறு ஆளாக இருந்தால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். அண்ணை ஒவ்வொரு கதவாகத் தட்டி, வந்தவர்களின் கையைப் பிடித்து, மாட்டிப் பார்த்தார். பல் டாக்டரின் உதவியாளரான என்னுடைய கையையும் விடவில்லை. "உங்கட கை சின்னன். நீங்கள் இல்லை" என்று குற்றவாளிப் பட்டியலில் இருந்து விடுதலை செய்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒருவரின் பொருள் அவரிடமே போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய சோதனை ஒரு நவம்பர் மாதத்தில் வந்தது.

ஐந்தாம் மாடியில் ஒரு ஜெர்மன் பெடியன் தனியாக இருந்தான். மெலிந்த, அதிகம் பேசாத பெடியன். சில வாரங்களாக அவனைக் கண்ணில் காணவில்லை. பிறகு தாய் என்று ஒரு பெண் வந்தார். ஆட்களை வைத்து இரண்டே நாளில் வீட்டைக் காலி செய்தார். வீட்டுக் கதவின் திறப்பை அண்ணையின் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அண்ணை புரோட்டோகோல் எழுத மேலே போனார். சுவரில் எத்தனை ஆணி, தரையில் எத்தனை கீறல் என்று கணக்கெடுத்து எழுதும் கடதாசிக்குத்தான் இங்கே அப்படிப் பெயர். பத்து நிமிடத்தில் என்னுடைய கைபேசி அடித்தது.

"தங்கச்சி, ஒருக்கா மேலை வாங்கோ. கெதியா."

"என்ன அண்ணை, தண்ணி ஒழுகுதோ?"

"இல்லை. ஒரு சாமான் என்னைப் பாக்குது."

ஓடிப் போனேன். சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்னச் சாமான் அறையில், அந்தத் தாய் வேண்டாமென்று விட்டுப்போன உடைந்த அலுமாரிக்கும் வெறும் போத்தல்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. விளக்கின் வயர் கழற்றிக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குகை. எதையும் தூக்கிப் பார்க்காமல் விடாத அண்ணை அதையும் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"எரிஞ்ச ரயர் துண்டெண்டு நினைச்சன். அது கண்ணைத் திறந்திட்டுது."

எட்டிப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்தில் ஒரு பல்லி. தலை தொடக்கம் வால் நுனி வரை அப்படியொரு கறுப்பு. எங்கள் ஊர்ப் பல்லி போல வெளிறிய சாதியே இல்லை. உடம்பில் எலும்பு தெரிந்தது. வால் பென்சில் போல மெலிந்திருந்தது.

"பல்லி அண்ணை."

"பல்லிக்கு இமை கிடக்கோ?"

அவர் கேட்டு முடிக்கவில்லை, அது மெல்ல ஒருமுறை இமையை மூடித் திறந்தது. பிறகு நாக்கை நீட்டித் தன்னுடைய கண்ணையே நக்கியது. அண்ணை இரண்டடி பின்னால் பாய்ந்து என் காலை மிதித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஐந்து மாடியையும் ஆட்டிப் படைக்கும் இந்த மனிதருக்குப் பல்லி என்றால் பயம்.

கைபேசியில் தேடினோம். சிறுத்தைப் பல்லியாம். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் லெப்பர்ட் கெக்கோ. சாதாரணமாக மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி இருக்குமாம். இது போல முழுக்கக் கறுப்பாக இருப்பது பல தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்து இணைசேர்த்து வளர்த்த அபூர்வ வகையாம். சூடான ஒரு மூலை வேண்டும், உயிருள்ள பூச்சி வேண்டும். கொழுப்பை வாலில்தான் சேமித்து வைக்கும். வால் மெலிந்தால் ஆபத்து.

அண்ணை அந்தப் பென்சில் வாலைப் பார்த்தார். தன்னுடைய குளிர் மேலங்கியைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போர்த்தார்.

திங்கட்கிழமை விசாரணை தொடங்கியது. பெடியனின் புது விலாசத்தை வீட்டு நிறுவனம் தரவில்லை. தனிப்பட்ட தகவலாம். தெரிந்த கடைசி விலாசத்துக்குப் பதிவுத் தபால் போடலாம் என்றார்கள். அண்ணையும் போட்டார். தெரிந்த கடைசி விலாசம் எங்கள் கட்டடம்தான். இரண்டு நாள் கழித்து அந்தத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவரும் அண்ணைதான். மிருகக் காப்பகத்தில் பல்லிக்கு இடமில்லை. கடைசியாக, கண்டெடுத்த பொருட்களைப் பதியும் நகர அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே இருந்த பெண் அன்பாகத்தான் சொன்னார்: "முடியுமென்றால் நீங்களே வைத்திருங்கள். ஆறு மாதத்துக்குள் உரியவர் வராவிட்டால் அது உங்களுக்கே சொந்தம்."

"முடியுமென்றால்" என்பது அண்ணையின் காதில் விழவே இல்லை. அவருக்கு அது அரச கட்டளை.

"ஆறு மாசம், தங்கச்சி. பெடியன் வந்து கேக்கேக்கை நான் செத்த பல்லியையோ குடுக்கிறது? உயிரோடை குடுப்பன். கொழுக்க வைச்சுக் குடுப்பன்."

"உங்களுக்குப் பயமெல்லோ அண்ணை?"

"பயம் வேறை, பொறுப்பு வேறை."

ராணி அக்காவோடு பேச்சுவார்த்தை அன்று மாலையே நடந்தது. அவர் சாதகம், சகுனம் எல்லாம் ஒழுங்காகப் பார்ப்பவர்.

"இது சுவரிலை ஏறுமோ?"

"ஏறாது. இதின்ர கால் ஒட்டாது."

"அப்ப தலையிலை விழாது?"

"விழாது."

"அப்ப பலன் பாக்கத் தேவையில்லை. ஆனா குசினிப் பக்கம் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

பெயர் வைக்கச் சொன்னது நான். அண்ணை என்னை ஒரு களவு எடுக்கச் சொன்னது போலப் பார்த்தார். "மற்றவன்ர பிள்ளைக்குப் பேர் வைக்க நான் ஆர்?" ஆனால் எதையாவது சொல்லிக் கூப்பிட வேண்டுமே. ஐந்தாம் மாடியில் இருந்து வந்ததால் அது மேல்வீட்டுக்காரர் ஆனது. மரியாதையோடுதான். "மேல்வீட்டுக்காரர் இண்டைக்கும் சாப்பிடேல்லை" என்று படியில் கண்டபோதெல்லாம் சொன்னார்.

உண்மைதான், சாப்பிடவில்லை. விளக்கு, சூட்டுப் பாய், வெப்பமானி எல்லாம் வந்துவிட்டன. செல்லப்பிராணிக் கடையில் இருந்து ஒரு டப்பா நிறையச் சில்வண்டும் வந்தது. மேல்வீட்டுக்காரர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மா நிறுக்கும் தராசில் நிறுத்தபோது இருபத்தொன்பது கிராம். வளர்ந்த பல்லி அறுபதுக்குக் கிட்ட இருக்க வேண்டும், இது அதில் அரைவாசி கூட இல்லை என்று வாசித்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நாளே பக்கத்து நகரத்தில் ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

பல்லி ஒரு சின்னப் பெட்டியில், பெட்டி சுடுநீர்ப் பையின் மேல், எல்லாமாக அண்ணையின் மேலங்கிக்குள். பிள்ளைத்தாய்ச்சி போல நடந்தார். டிக்கெட் பார்க்க வந்தவரிடம் இவராகவே, "என்னிடம் ஒரு பிரயாணி கூட இருக்கிறார், அவருக்கு டிக்கெட் வேண்டுமா?" என்று கேட்டார். அவர் மேலங்கிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தவர் கண்ணை நக்கிக் காட்டினார். சின்னப் பிராணிக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த பெட்டிக்கு விரைந்தார்.

வைத்தியசாலையில் காத்திருந்தபோது, மடியில் பாம்புப் பெட்டியோடு இருந்த ஒருவர் மேல்வீட்டுக்காரரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு கறுப்பா! என்னிடம் தந்துவிடுங்கள், நான் வளர்க்கிறேன்" என்று கெஞ்சினார்.

"இது என்னுடையது இல்லை" என்றார் அண்ணை ஜெர்மனில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "என்ர எண்டாலும் குடுக்கமாட்டன்" என்றார். அப்போதே எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

வைத்தியர் ஒரு பெண். தடவிப் பார்த்தார், எடை பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிழைப்பது கஷ்டம் என்றார். தண்ணீரில் கரைக்கும் ஒரு சத்து மாவைத் தந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் மூக்கின் நுனியில் ஒவ்வொரு துளியாக விடச் சொன்னார். விருப்பமிருந்தால் நக்கும். வாயைப் பலவந்தமாகத் திறக்க வேண்டாம்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் அண்ணை.

"அது சாப்பிடத் தொடங்கும் வரை. அல்லது..."

"தொடங்கும் வரை" என்று அண்ணை குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அந்தக் கொப்பியை நான் பிறகு வாசித்திருக்கிறேன். "காலை: இரண்டு துளி. மாலை: ஒரு துளி. முகம்: கோபம்." அடுத்த நாள், "காலை: மூன்று துளி. மாலை: இல்லை. முகம்: கோபம்." பல்லியின் முகத்தில் கோபத்தைக் கண்டுபிடித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். முதல் வாரம் தோட்டக் கையுறை போட்டுக்கொண்டு, கையை முழு நீளத்துக்கு நீட்டி, பட்டாசு கொளுத்துபவர் போலத் துளி விட்டார். கையுறையோடு துளி கணக்குத் தப்புகிறது என்று இரண்டாம் வாரம் அதைக் கழற்றினார். மூன்றாம் வாரம் நான் போனபோது மேல்வீட்டுக்காரர் அவருடைய உள்ளங்கையில் குந்தியிருந்தார். அண்ணையின் நெற்றியில் வியர்வை. கை மட்டும் ஆடவில்லை.

"பயம் போட்டுதோ அண்ணை?"

"இல்லை. கிடக்கு. நீங்கள் கதையாதேங்கோ."

நத்தார் பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு, மாலை ஐந்து மணி இருக்கும். ஒரு சில்வண்டு பெட்டிக்குள் துள்ளியது. மேல்வீட்டுக்காரர் தலையை உயர்த்தினார். வால் நுனி பூனை வால் போல மெல்ல ஆடியது. ஒரே பாய்ச்சல். பிறகு கறுக் முறுக் என்று ஒரு சத்தம். அண்ணை கத்திய கத்தலில் ராணி அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். அடுத்த நாள் காலை வாசலில் மூன்று மொழியிலும் அறிவித்தல்: "மேல்வீட்டுக்காரர் சாப்பிட்டார்." நான்காம் மாடியில் தனியே இருந்த ஜெர்மன் கிழவி அது தன்னைப் பற்றியது என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பல்லியைக் காட்டிச் சமாதானப்படுத்தினோம். அன்றிலிருந்து அவரும் கட்சியில் சேர்ந்துவிட்டார். தினமும் கதவைத் தட்டி, "இன்று எத்தனை?" என்று கேட்பார். பெரும்பாலும் மூன்று. மூன்றுக்கு மேல் அது ஒருநாளும் தின்றதில்லை.

சாப்பிடத் தொடங்கியபின் வேறு தொல்லை. தை மாதத்தில் சில்வண்டு டப்பாவின் மூடி சரியாக இறுகவில்லை. ஒரே நாளில் கட்டடம் முழுக்கக் கீச்சுக் கீச்சு. குளியலறை, லிஃப்ட், சூடாக்கிக் குழாய்களின் பின்பக்கம், எங்கு பார்த்தாலும் கச்சேரி. மத்தியான நேரத்தில் சுவரில் ஆணி அடித்தவர்களுக்கெல்லாம் வருடக்கணக்காகச் சத்தம் பற்றி அறிவித்தல் ஒட்டியவர் அண்ணை. கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மனிதர் தன்னையும் விடவில்லை. "கட்டடத்தில் சத்தம். காரணம் நான். மன்னிக்கவும். பிடிப்பவர்கள் உயிரோடு தரவும்" என்று எழுதி, தன்னுடைய வீட்டுக் கதவிலேயே ஒட்டினார். துருக்கிக் குடும்பம் பதினாறு கொண்டுவந்து கொடுத்தது.

அதற்குப் பிறகு சில்வண்டைக் குறைத்து மாவுப்புழுவுக்கு மாறினார். மாவுப்புழுவைக் குளிரில் வைத்தால்தான் பூச்சியாக மாறாமல் கிடக்கும். குளிர் எங்கே இருக்கிறது? குளிர்சாதனப் பெட்டியில். குளிர்சாதனப் பெட்டி எங்கே இருக்கிறது? குசினியில். மாஜரின் டப்பாவுக்குள், தோசை மாவுக்குப் பக்கத்தில் மறைத்து வைத்தார். ராணி அக்கா பாணுக்குப் பூச அந்த டப்பாவைத் திறந்த காலையில் நான் முதலாம் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் இருந்த தங்கள் வீட்டில் அவர் போட்ட சத்தம் குழாய் வழியே வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ராணி அக்கா பெட்டியை வெளியே போடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டில் உயிர்க்கொலை கூடாது. அண்ணை உடனே வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். "ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்தால் காணுமாம். அப்ப வெள்ளி விரதம் பிடிக்கலாம்" என்று சந்தோஷமாக வந்து சொன்னார். ஜெர்மனியில் வெள்ளிக்கிழமை விரதம் இருந்த ஒரே பல்லி அதுவாகத்தான் இருக்கும்.

மாசி மாதத்தில் என்னையும் வேலைக்கு எடுத்தார்கள். பல்லி சட்டை உரித்தது. உடம்பில் இருந்து வெள்ளைக் கடதாசி போலத் தோல் கழன்றுவர, அதைத் தானே இழுத்துத் தின்றது. ஆனால் கால் விரல்களில் மட்டும் மோதிரம் போல இறுகிக்கொண்டது. அப்படியே விட்டால் இரத்தம் ஓடாமல் விரல் கழன்றுவிடுமாம். ஏற்கெனவே பின் இடது காலில் ஒரு விரல் இல்லை.

"உங்களுக்குத்தானே தங்கச்சி பல்லுக்கிடையிலை வேலை செய்யிற கை. இதையும் ஒருக்காப் பாருங்கோ."

வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்க வைத்தோம். அண்ணை அதைப் பிடித்துக்கொண்டார். நான் ஈரமாக்கிய காதுக் குச்சியாலும் முள் பிடுங்கும் மெல்லிய சாவணத்தாலும் ஒவ்வொரு விரலாக உருட்டி உருட்டிக் கழற்றினேன். அரிசி மணியை விடச் சின்ன விரல்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. ஒரு விரலும் போகவில்லை. கடைசி மோதிரம் கழன்றதும் அண்ணை என்னைப் பார்த்து, "நீங்கள் டொக்டருக்கே படிச்சிருக்கலாம்" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அதை வாங்கித் தந்தது ஒரு பல்லி.

பங்குனி முடியும்போது மேல்வீட்டுக்காரர் அறுபத்துமூன்று கிராம். வால் பெருவிரல் மொத்தத்துக்கு உருண்டு திரண்டிருந்தது. உடம்பு, மழையில் நனைந்த தார் றோட்டுப் போல மினுங்கியது. அண்ணை நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார். ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம். பிறகு நான்கு. ராணி அக்கா ஒருநாள் என்னை மறித்து இரகசியமாகச் சொன்னார்: "இவர் புதுப் பெட்டிக்குச் சுவர் அளக்கிறார். கொப்பியின்ர கடைசிப் பக்கத்திலை பேரெல்லாம் எழுதிப் பாக்கிறார். கரிகாலன் எண்டதுக்குக் கீழை ரெண்டு கோடு."

மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நான் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

வாசலில் அந்தப் பெடியன். முன்பைவிட மெலிந்திருந்தான். உள்ளே வராமல், கண்ணைத் தரையில் வைத்தபடி ஜெர்மனில் பேசினான்.

"மன்னிக்க வேண்டும். நான் முன்பு ஐந்தாம் மாடியில் இருந்தேன். என் வீட்டில் ஒரு செத்த பிராணியைக் கண்டீர்களா? கறுப்பு நிறம். அதை எங்கே போட்டீர்கள் என்று மட்டும் கேட்கலாமென்று வந்தேன்."

அண்ணையின் பின்னால் நின்ற ராணி அக்கா, குசினிப் பக்கம் வரக்கூடாது என்று சட்டம் போட்ட அதே ராணி அக்கா, தமிழில் மெல்லச் சொன்னார்: "இல்லையெண்டு சொல்லுங்கோ."

நான் அவரைத் தடுக்கவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

அண்ணை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெடியனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடையாளம் சொல்" என்றார். "எத்தனை விரல்?"

அவன் பிழையாகச் சொல்ல வேண்டும் என்று அண்ணை விரும்பியது அவருடைய பிடரியிலேயே தெரிந்தது.

"பத்தொன்பது" என்றான் பெடியன். "பின் இடது காலில் ஒன்று இல்லை. என்னிடம் வரும்போதே இல்லை."

கதவுப் பிடியில் இருந்த அண்ணையின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"செத்த பிராணி எதையும் நான் காணவில்லை" என்றார். "உயிரோடு ஒன்று இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றிப்போட்டு உள்ளே வா."

பெடியன் பெட்டியின் முன்னால் முழங்காலில் விழுந்தான். அப்படியே அழுதான். விக்கலுக்கு நடுவில் கதை வந்தது. ஐப்பசியில் அவனுக்கு மனம் முழுக்க இருண்டுபோயிருக்கிறது. கட்டிலில் இருந்து எழும்ப முடியாத நிலை. ஒருநாள் திடீரென்று மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பல்லியைச் சிநேகிதன் எடுத்திருப்பான் என்று தாய் நினைத்தார். தாய் எடுத்திருப்பார் என்று சிநேகிதன் நினைத்தான். இரண்டு பேரும் எடுக்கவில்லை என்பது அவனுக்கு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. தான்தான் அதைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு மாதமாக இந்த வாசலுக்கு வரத் துணிவில்லாமல் இருந்திருக்கிறான்.

"லாக்ரிட்ஸ்" என்று கண்ணாடியில் விரலை வைத்துக் கூப்பிட்டான். அது இங்கே கடைகளில் விற்கும் ஒரு கறுப்பு மிட்டாயின் பெயர். பல்லி அவனைப் பார்த்தது. அண்ணையையும் பார்த்தது. இரண்டு பேரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கண்ணை நக்கிக்கொண்டது.

"லாக்ரிட்ஸ்" என்று அண்ணையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மேசையில் கிடந்த கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஆனால் அன்றைக்கே தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தால் உங்களுக்கு அண்ணையைத் தெரியவில்லை. முதலில் பெடியனின் புது வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை காலை பத்து மணி என்று நாளும் நேரமும் குறித்து டெர்மின் வைத்தார்கள். இரவல் வாங்கிய காரை ஓட்டியது நான். ஒற்றை அறை வீடு. அண்ணை வெப்பமானியோடு ஒரு மணி நேரம் ஆராய்ச்சி செய்தார். யன்னலில் காற்று வருகிறது, பெட்டி இங்கே கூடாது. விளக்கு இரண்டு விரல் கீழே இறங்க வேண்டும். ஈரக் குகை எங்கே? பாசி எங்கே? பெடியன் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றினான். பிறகு மேசையில் புரோட்டோகோல் விரிந்தது. எடை: அறுபத்துமூன்று கிராம். விரல்: பத்தொன்பது. வால்: நல்ல நிலை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி நான்.

கொப்பியையும் கொடுத்தார். பெடியன் புரட்டிப் பார்த்து, "வாசிக்க முடியவில்லையே" என்றான். எல்லாம் தமிழ். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து அவனுக்கு ஜெர்மனில் சொல்லத் தொடங்கினார். "காலை இரண்டு துளி. மாலை ஒரு துளி. முகம் கோபம்." பெடியன் சிரித்தான். அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. "அடுத்த நாள்?" என்று கேட்டான். ஐந்து மாதத்தையும் இவர் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வெள்ளி விரதத்தை விளக்க மட்டும் தனியாகப் பத்து நிமிடம் எடுத்தது.

திரும்பி வந்த பிறகு கட்டடத்தில் புது அறிவித்தல் எதுவும் வரவில்லை. நான்காம் மாடிக் கிழவி என்னிடம் வந்து, அண்ணைக்குச் சுகமில்லையா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு இறங்கியபோது அவர் முதலாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் கைபேசி.

"பெடியனுக்கு எடுத்தனான்" என்றார். "புது இடமெல்லோ, சாப்பிடுதோ தெரியாது எண்டு."

"என்னவாம் அண்ணை?"

"ஐஞ்சு திண்டதாம்."

கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"என்னட்டை மூண்டுக்கு மேலை ஒருநாளும் திண்டதில்லை, தங்கச்சி."

"நல்லதுதானே அண்ணை" என்றேன்.

"ஓம் ஓம். நல்லது. நல்லதெண்டுதான் நானும் சொல்லுறன்." உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்தார். "ராணி இன்னும் அந்தப் புழுவுகளுக்குக் கரட் வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறா. பசியிலை கிடக்குதுகளாம்."

எனக்கு எட்டு மணிக்கு முதல் நோயாளி. பஸ் வர நான்கு நிமிடம் இருந்தது. நான் வேலைக்குத் தொலைபேசி எடுத்து, பஸ் பிந்துகிறது என்று ஒரு பொய் சொன்னேன். பிறகு கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.